சதுர அடி ரேட்டை மண்டலக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டால் என்ன?

2025 அக்டோபர் 12, ஞாயிறு

வாசகர் கேள்வி: "எங்கள் ஒப்பந்ததாரர் சங்கத்தின் மண்டலக் கூட்டம் அடுத்த மாதம். நான்கு மாவட்டத்து உறுப்பினர்களும் வருவார்கள். நான் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய்க்குக் கீழே யாரும் வேலை எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்து வைத்துவிட வேண்டும். அதுகூட இல்லையென்றால் சந்தா கட்டி, டீசல் போட்டு, பொன்னாடை போர்த்துவதைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன பிரயோஜனம்? சீனியர்கள் சொல்லுங்கள்."

அக்டோபர் 12, இரவு

போடாதீர்கள் தம்பி. மற்றவர்கள் போட்டாலும் நீங்கள் கையெழுத்து வைக்காதீர்கள்.

நீங்கள் சொல்வது 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவில் நேராகப் போய் விழும். ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடி விலையை முடிவு செய்தால், அது சந்தைக்குக் கெடுதல் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில். சங்கம் எடுக்கும் முடிவும் இதில் அடக்கம். இதில் கொடுமை என்னவென்றால் சாட்சியத்தை நாமே எழுதிக் கொடுக்கிறோம். தேதி, இடம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வந்திருந்தவர்கள் கையெழுத்து என்று தீர்மான நோட்டில் எல்லாம் வரிசையாக இருக்கும். விசாரிக்க வருகிறவருக்கு வேலையே இல்லை.

உங்கள் கோபம் புரிகிறது. கம்பி விலை, சித்தாள் கூலி எல்லாம் ஏற, பக்கத்துத் தெருக்காரர் நம்மைவிட நூற்றைம்பது ரூபாய் குறைத்து எடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். அதற்கு மருந்து இது இல்லை. மீதியை நாளை எழுதுகிறேன், காலையில் கான்கிரீட் இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தி ஜெயித்ததே நம் தரப்புதான். இது தெரியாமல் பல கூட்டங்களில் பேசுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற ஒப்பந்ததாரர் சங்கம் 1941-ல் தொடங்கியது, தலைமையகம் மும்பை. நாடு முழுக்க ஊர் ஊராக சென்டர் வைத்திருக்கிறார்கள். 2010-ல் அவர்கள் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார்கள்: சிமெண்ட் கம்பெனிகள் கூடிப் பேசி உற்பத்தியையும் சப்ளையையும் கட்டுப்படுத்தி விலையை ஏற்றுகின்றன என்று. 2012 ஜூன் 20-ல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 11 கம்பெனிகளுக்கு மொத்தம் 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். 2009-10, 2010-11 ஆகிய இரண்டு ஆண்டு லாபத்தில் பாதி என்று கணக்கு. சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் தனியாக அபராதம்.

இப்போது நமக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். "விலையை ஏற்றுவோம்" என்று யாரும் எழுதிக் கையெழுத்திட்ட காகிதம் அங்கே கிடைக்கவில்லை. ஆணையம் சூழ்நிலைச் சாட்சியங்களைப் பார்த்தது. சங்கம் எல்லாக் கம்பெனிகளின் விலை விவரத்தையும் திரட்டியது. யார் எவ்வளவு உற்பத்தி செய்தார்கள், எவ்வளவு அனுப்பினார்கள் என்ற விவரம் எல்லோருக்கும் சுற்றுக்கு வந்தது. 2011 தொடக்கத்தில் சங்கத்தின் உயர்மட்டக் குழுக் கூட்டங்கள் நடந்தன, அதையொட்டி விலை ஏறியது. திறன் இருந்தும் கம்பெனிகள் ஆலைகளைக் குறைவாக ஓட்டின. இத்தனையையும் அடுக்கி, கூட்டு இருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

அங்கே காகிதமே இல்லாமல் அத்தனை கோடி. நீங்கள் காகிதத்தில் எழுதி, சீல் வைத்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடப் போகிறேன் என்கிறீர்கள்.

வழக்கு அதோடு முடியவில்லை. வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. ஆணையம் மறுபடி கேட்டு 2016 ஆகஸ்டில் திரும்பவும் அபராதம் போட்டது, இந்த முறை 6,700 கோடி. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. அபராதத்தில் பத்து சதவீதத்தைக் கட்டச் சொல்லி அங்கே மேல்முறையீடு ஏற்கப்பட்டது.

இதனால் மூட்டை விலை குறைந்ததா என்று கேட்டால் நான் சிரிப்பேன். ஆனால் நாம் கூடிப் புகார் கொடுத்தால் இவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அக்டோபர் 13, மாலை

இரண்டு பேர் கேட்டதற்குச் சுருக்கமாக.

"நாங்கள் சின்ன ஆட்கள், டெல்லியிலிருந்து யார் வரப்போகிறார்கள்?" யாரும் வர வேண்டியதில்லை. வீடு கட்டுகிற ஒருவர் கோபத்தில் ஒரு புகார் எழுதினால் போதும். மாவட்ட அளவு மருந்து வணிகர் சங்கங்கள்கூட ஆணையத்தின் முன் நின்றிருக்கின்றன.

"ஜெயில் உண்டாமே?" விலைக் கூட்டுக்கு அபராதம்தான், சிறை இல்லை. ஆனால் சங்கத்தோடு சேர்த்து, பொறுப்பில் இருந்தவர்களையும் தனித்தனியாக இழுக்கலாம். தலைவர் பதவிக்கு வேட்டி கட்டி நிற்பவர்கள் கவனிக்கவும்.

அக்டோபர் 15, புதன்

சட்டத்தை விடுங்கள். நடைமுறையில் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம். பல வருடங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் இதே ஐடியா வந்தது. அப்போது சங்கத்தில் இருந்தவர்கள் ஓர் ஓட்டல் மாடியில் கூடி, கூலி மட்டும் பேசுகிற லேபர் காண்ட்ராக்டுக்குக் குறைந்தபட்ச ரேட் ஒன்றை முடிவு செய்தார்கள். கைதட்டல், பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. கையெழுத்து ஈரம் காயும் முன்னே ஒருவர் அந்த ரேட்டுக்கே ஒரு வீடு பேசி முடித்தார், சம்ப்பும் செப்டிக் டேங்கும் இலவசம் என்று. கேட்டபோது, "ரேட்டைக் குறைக்கவில்லையே, தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டுத்தானே நடந்தேன்" என்றார். கடைசி வரை அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இன்னொருவர் போர்டிகோவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார். மூன்றாமவர் அளவிலேயே குறைத்துப் போட்டார்.

தீர்மானத்தை முன்மொழிந்தவர்தான் முதலில் குறைத்தவர் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் உறுதி செய்ய மாட்டேன், மறுக்கவும் மாட்டேன்.

நஷ்டப்பட்டது சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள். ஒரு சீசன் வேலை கையை விட்டுப் போனது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் எல்லோருக்கும் போனஸ் பட்டுவாடா முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். பீகார் பையன்களை நேற்றே ரயிலேற்றியாயிற்று. சத் பூஜைக்கும் இருந்துவிட்டுத்தான் திரும்புவார்கள், அதுவரை சைட்டில் நாயும் நானும்.

புதன்கிழமை எழுதியதற்கு ஒருவர், "அப்படியானால் எதையெல்லாம் ரேட்டில் சேர்ப்பது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடலாமே" என்கிறார். பாதி சரியான இடத்துக்கு வந்துவிட்டார். ரேட்டை எடுத்துவிட்டு அந்த மீதியை மட்டும் எழுதுங்கள். கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அதுதான் என்பது என் கட்சி.

சதுர அடி ரேட் என்கிறோம், எந்தச் சதுர அடி? போர்டிகோ பாதியா முழுசா? மாடிப்படி ஹெட்ரூம் சேர்த்தியா? பால்கனி எப்படி? பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து இரண்டடியா மூன்றடியா, உள்ளே நிரப்புகிற மண் யார் செலவு? சேம்பர் செங்கலா, ஃப்ளை ஆஷ் கல்லா? தலைவாசல் தேக்கு என்று எழுதுவார்கள், எந்தத் தேக்கு என்று எழுத மாட்டார்கள். டைல்ஸுக்கு அடிக்கு ஐம்பது ரூபாய் வரை என்று போட்டால், கடையில் வீட்டம்மா கையை வைப்பது தொண்ணூறு ரூபாய் டைல்ஸில்தான். இதையெல்லாம் சொல்லாமல் ஒருவர் இரண்டாயிரத்து இருநூறு என்றும் இன்னொருவர் இரண்டாயிரத்து அறுநூறு என்றும் சொன்னால், யார் மலிவு என்று கடவுளுக்கும் தெரியாது. வீட்டுக்காரர் சின்ன எண்ணைப் பார்த்துப் போவார். நம் தொழிலில் குறைத்து எடுப்பவர் ஜெயிப்பதே இந்த மூட்டத்தில்தான்.

அளக்கும் முறைக்கு ஏற்கெனவே இந்தியத் தரநிலை இருக்கிறது. கட்டடப் பரப்பை அளக்க ஐஎஸ் 3861, வேலைகளை அளக்க ஐஎஸ் 1200. பூச்சு வேலையில் தினம் நடக்கிற சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், ஓரங்களைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. அதற்கும் மேலே போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரப் பூச்சைச் சேர்க்க வேண்டும். மூன்றுக்கு நாலு ஜன்னல் ஒரு சதுர மீட்டர் சொச்சம், ஒரு பக்கம் கழிவு. எட்டுக்கு எட்டு ஷட்டர் ஆறு சதுர மீட்டரை நெருங்கும், இரண்டு பக்கமும் கழிவு. இவ்வளவுதான். இதற்காக மேஸ்திரியும் வீட்டுக்காரரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கக் கத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அளவுமுறையை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, எல்லா உறுப்பினரும் எஸ்டிமேட்டோடு சேர்த்துக் கொடுப்பது என்று தீர்மானம் போடுங்கள். ரேட் அவரவர் இஷ்டம். சட்டத்துக்கும் இதில் வில்லங்கம் இல்லை.

தீபாவளி வாழ்த்துகள். சைட்டில் கம்பிக்கட்டுப் பக்கம் வெடி வைக்காதீர்கள்.

அக்டோபர் 22, புதன்

பொன்னாடை பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன்.

அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று இருக்கும். ஏழேகாலுக்கு மைக் டெஸ்டிங். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, அப்புறம் மேடைக்கு அழைப்பு. மண்டலக் கூட்டம் என்றால் நாலு மாவட்டத் தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள்கள், முன்னாளுக்கு முன்னாள்கள் என்று மேடையில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஒருவர் விடாமல் துண்டு போர்த்தி முடிக்க எட்டரை. பிறகு ஸ்பான்சர் கம்பெனியின் டெக்னிக்கல் டாக். அன்றைய சாப்பாடு அவர்கள் செலவு என்பதால் எழுந்து போக முடியாது. ஒன்பதரைக்கு, "நேரமின்மை காரணமாக உறுப்பினர் கருத்துகளை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம்."

ஸ்பான்சர் பெரும்பாலும் யார்? சிமெண்ட் கம்பெனி. சிமெண்ட் விலை உயர்வைக் கண்டித்துத் தீர்மானம், பின்னால் பேனரில் அதே சிமெண்டின் படம், கையில் அவர்கள் கொடுத்த பை. ஒரு கூட்டத்தில் நான் இதை மைக்கில் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். அதன் பிறகு எனக்கு மைக் வருவது கொஞ்சம் அபூர்வமாகிவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

ஸ்பான்சரைப் பற்றி எழுதியதை இன்று படித்தால் கொஞ்சம் காரம் அதிகமாகத் தெரிகிறது. மறுபக்கமும் உண்டு. பாறையை உடைத்துச் செய்கிற எம் சாண்டில் நுண்தூள் அதிகமாக வந்தால் தண்ணீர்த் தேவை எப்படிக் கூடுகிறது, வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு சிமெண்ட் கம்பெனியின் இளைஞர்தான். கல்லூரியில் நான் படித்த காலத்தில் எம் சாண்டே இல்லை. 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்ட பிறகும் ரொம்ப நாள் ஆற்று மணல்தான் ஓடியது, நாங்கள் கைப்பழக்கத்தில் கலந்தோம். அந்தப் பையன் ஒரு கண்ணாடி ஜாடியில் மணலைத் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, மேலே படிந்த தூளை ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். மறுநாளே சைட்டில் செய்து பார்த்தேன், இரண்டு லோடைத் திருப்பி அனுப்பினேன். சரி, அந்தப் பிரியாணியை மன்னித்துவிடலாம்.

இன்னொரு உதாரணம் வரி. 2022 ஜூலை 18 முதல் அரசு வேலை ஒப்பந்தங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமானது. அப்போது நான் ஒரு அரசு கட்டட வேலையில் இருந்தேன். வேலை பாதியில். பில் போட்டால், "அக்ரிமெண்டில் 12 தானே இருக்கிறது" என்று மேசையிலேயே வைத்துவிட்டார்கள். ஆறு சதவீதம் என்பது இந்த மாதிரி வேலைகளில் நமக்கு நிற்கிற மொத்த லாபமே. அந்த மாதக் கூட்டத்தில் ஆடிட்டர் ஒருவர் ஜிஎஸ்டி சட்டத்தின் 14-வது பிரிவை விளக்கினார். வேலை முடிந்த தேதி, இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி ஆகிய மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து வரி. இந்த ஒரு விதியை நம்பி எந்த பில்லுக்குப் பழைய வரி, எதற்குப் புதியது என்று பிரித்தேன். வித்தியாசத்தைத் தனியாகக் கேட்டு எழுதும் கடிதத்தின் மாதிரியும் அங்கேதான் கிடைத்தது, பக்கத்து மாவட்டத்துக்காரர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பணம் வர ரொம்ப நாள் ஆனது. ஆனால் வந்தது.

அன்றைக்கும் துண்டு போர்த்தினார்கள்தான்.

அக்டோபர் 27, திங்கள்

"இப்போது சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டதே, வீட்டுக்காரர்கள் ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்வது?"

கணக்கைச் சொல்லுங்கள். செப்டம்பர் 22-க்கு முன் வரியோடு 350 ரூபாய்க்கு விற்ற மூட்டை, அடக்க விலை மாறாவிட்டால் 323-க்கு வர வேண்டும். மூட்டைக்கு 27 ரூபாய். 2015-ல் அம்மா சிமெண்ட் கொடுத்தபோது அரசு 100 சதுர அடிக்கு 50 மூட்டை என்று வைத்தது. நம் கைக்கணக்கு 40-லிருந்து 45. அரசு கணக்கையே எடுத்தாலும் அடிக்குப் பதின்மூன்றரை ரூபாய். அதைக் குறைத்துவிடுங்கள், தாராளமாக. ஆனால் அவர் ஊடக விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைக்கச் சொன்னால் டீ கொடுத்து அனுப்புங்கள். டீலர் விலையைக் குறைத்தாரா என்பது வேறு கதை, பில்லை வாங்கிப் பாருங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

காசு தராத வீட்டுக்காரர்கள் பட்டியலைச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று ஒருவர். பெயர், ஏரியா, பாக்கி எவ்வளவு என்று ஒரு எக்செல் ஷீட்டாம். அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு யாரும் வேலை செய்யக் கூடாதாம்.

கடைசி வரி மறுபடி 3-வது பிரிவுக்குப் போகிறது. சேர்ந்துகொண்டு ஒருவரை ஒதுக்குவதும் அங்கே கேள்விக்குள்ளாகும். முதல் வரிக்கு அவதூறு வழக்கு. அந்த வீட்டுக்காரர், "கூரை ஒழுகியது, அதனால் நிறுத்தினேன்" என்று போட்டோவோடு வந்து நிற்பார். பாதி நேரம் கூரை நிஜமாகவே ஒழுகும்.

இதை எழுதும்போதே ஒரு நெருடல். போன வருடம் ஒரு பெரிய வீட்டு வேலை என்னிடம் வந்தது. கூட்டத்தில் கை கழுவும் இடத்தில் ஒருவர் மெதுவாக, "சார், அங்கே பிளாஸ்டரிங் வரைக்கும் நன்றாகப் போகும், அப்புறம் கொஞ்சம் பார்த்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த வேலையைத் தொடவில்லை. ஷீட்டில் எழுதினால் தப்பு, காதில் சொன்னால் சரியா என்று கேட்டால் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஒருவருக்கு ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வதற்கும், முப்பது பேர் கூடி முடிவெடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கோடு எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டுவோம்.

நவம்பர் 5, புதன்

கேள்வி கேட்ட தம்பி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "ஜல்லி உடைக்கிற கிரஷர்காரர்கள் சங்கமாகக் கூடி விலையை ஏற்றவில்லையா, அவர்களை யார் கேட்டார்கள்?" என்கிறார்.

நல்ல கேள்வி. இந்த ஏப்ரலை ஞாபகப்படுத்துங்கள். கனிம நிலத்துக்கு டன் கணக்கில் புது வரி ஏப்ரல் 4 முதல் வந்தது. அதோடு கன மீட்டரில் இருந்த உரிமத்தொகையை டன்னுக்கு மாற்றினார்கள். குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம். ஜல்லி இல்லை, எம் சாண்ட் இல்லை. யூனிட்டுக்கு, அதாவது நூறு கன அடிக்கு, ஆயிரம் ரூபாய் ஏறியது. எங்கள் பக்கம் ரூஃப் போட நாள் குறித்திருந்த வீடுகள் எல்லாம் கம்பி கட்டியபடி வெயிலில் நின்றன. அப்போது நம் குழுக்களில் என்ன எழுதினோம்? "சிண்டிகேட், பகல் கொள்ளை, அரசு தலையிட வேண்டும்." நீங்களும் எழுதினீர்கள், நான் பார்த்தேன். இப்போது அதே வேலையை நாம் செய்யலாம் என்றால், வீடு கட்டுகிறவர் நம்மைப் பற்றி எழுதப் போவதும் அதே மூன்று வார்த்தைகள்தான்.

வரி பாரத்தைக் காட்டி அரசிடம் சங்கமாகப் போய் நிற்பதில் தவறே இல்லை. கிரஷர்காரர்கள் அதைச் செய்தது நியாயம்தான். கலெக்டரிடம், அமைச்சரிடம், ஆணையத்திடம் போகலாம். மனு கொடுக்கிற கையால் விலைப்பட்டியலும் கொடுத்தால்தான் சிக்கல்.

நவம்பர் 9, ஞாயிறு

டெண்டர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நாலு பேர் தனியாக நின்று பேசினால், அது கொலஸ்ட்ரால் பற்றிய பேச்சாக இருக்கவும் கூடும். "இது உனக்கு, அடுத்தது எனக்கு" என்ற பேச்சாக இருந்தால் விலைக் கூட்டைவிட மோசம். ஏலத்தில் கூட்டு என்று போட்டிச் சட்டத்தில் அதற்குத் தனியாகவே இடம் உண்டு. தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லிருந்து இருக்கிறது. அதைப் படித்தவர்கள் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நிற்பதில்லை.

நான் ஒரு முறை அழைக்கப்பட்டேன். சர்க்கரை மாத்திரை போட நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சர்க்கரை கிடையாது. இப்போது இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மண்டலக் கூட்டம் முடிந்தது என்று தம்பி நேற்றிரவு நீளமாக எழுதியிருக்கிறார். ரேட் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இருந்து எடுக்கப்பட்டது. ஒரு வக்கீல் உறுப்பினர் இந்த சிமெண்ட் வழக்கை எடுத்துச் சொன்னாராம், மேடையில் இருந்த மூன்று பேர் உடனே தண்ணீர் குடித்தார்களாம். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்ததால் பாதிக் கூட்டம் அதிலேயே போனதாம். பி.எஃப்., நியமனக் கடிதம், ஒப்பந்தத் தொழிலாளர் என்று ஆளாளுக்குக் கேள்வி. நியாயம்தான், அதற்காகவே தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

அளவுமுறைத் தாளை ஒரு குழுவுக்கு விட்டிருக்கிறார்கள். போர்டிகோ பாதியா முழுசா என்பதில் நாலு மாவட்டமும் நாலு திசையாம். இரண்டில் பாதி, ஒன்றில் முழுசு, ஒன்றில் தூண் இருந்தால் முழுசு இல்லாவிட்டால் பாதி. எதையாவது ஒன்றைத் தாளில் எழுதி, அதுவே கணக்கு என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். எல்லா ஊரும் ஒன்றாக வேண்டிய கட்டாயம் இல்லை.

விலை ஏற்றத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் சிமெண்ட், கம்பி, எம் சாண்ட் மூன்றுக்கும் அன்றைய விலையை எழுதுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வித்தியாசம் வீட்டுக்காரர் கணக்கில் கூடும், குறையும். இறங்கும் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள், அப்போதுதான் அவர் கையெழுத்துப் போடுவார். நான் இப்படித்தான் எழுதுகிறேன். ஏப்ரலில் எம் சாண்ட் ஏறியபோது ஒரு வீட்டில் வாங்கினேன், செப்டம்பரில் சிமெண்ட் இறங்கியபோது அதே வீட்டில் கொடுத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

"அன்றைய விலை என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டவருக்கு: ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய வாரம் நீங்கள் வாங்கிய ஜிஎஸ்டி பில். அதன் நகலை ஒப்பந்தத்தின் பின்னால் பின் பண்ணுங்கள், இரண்டு பேரும் அதன் மேல் கையெழுத்துப் போடுங்கள். டீலர் சொன்ன விலை, சங்கக் குழுவில் யாரோ போட்ட விலை, பேப்பரில் வந்த விலை எதுவும் வேண்டாம். பில் இல்லாமல் வாங்குகிறவர்களுக்கு இந்த ஷரத்து உதவாது. கம்பிக்கு மட்டும் 8 எம்எம், 12 எம்எம் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், விலை ஒன்றாக ஏறுவதில்லை.